மூலை மழுங்கிய சதுரம்

எதிர்ச் சுவரில் ‘அசையாமல் இருக்கவும்’ என்று எழுதியிருந்தது. அந்த எழுத்து கலாமணி பெற்ற எழுத்து. பெற்ற என்று சொன்னால் தப்பில்லை. அகரத்தின் முதல் சுழியிலிருந்து னகரத்தின் கடைசிக் கால் வரைக்கும் ஒவ்வொன்றையும் வரைந்தது அவள்தான், அதற்குச் சதுக்கம் என்று பேர் வைத்ததும் அவள்தான். கோயம்புத்தூரில் கம்ப்யூட்டரில் எழுத்து வரைந்தே சோறு தின்கிற பொம்பளைகள் அவளும் அவளுடைய கூட்டாளி நஸீமாவும். இப்போது ஸ்கேன் மெஷினின் குழாய்க்குள் மல்லாக்கக் கிடக்கிறாள். தலை ஒரு வெள்ளைக் கூண்டுக்குள், காதில் பஞ்சு, கையில் ஒரு ரப்பர் பந்து, கண்ணுக்கு மேலே சாய்த்து வைத்த சின்னக் கண்ணாடிகள். உள்ளே கிடக்கிறவர்கள் பயந்து கத்திவிடக் கூடாதென்று அந்தக் கண்ணாடிகளை வைத்திருக்கிறார்கள் போல. அதன் வழியாகத் தன் காலும், காலுக்கு அப்பால் சுவரும் தலைகீழாகாமல் ஒழுங்காகத் தெரிந்தன. காலைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், எழுத்தைப் பார்த்தாள். எழுத்து குண்டாக இருந்தது. மகரம் பக்கவாட்டில் உப்பிப்போய், சகரம் யாரோ மேலே உட்கார்ந்து எழுந்த மாதிரி அமுங்கி, மூலைகளெல்லாம் தொங்கி, பார்க்கச் சகிக்கவில்லை. அட பாவி, எவன்டா இழுத்தவன் என்று முதலில் கோபம்தான் வந்தது. போர்டு போடுகிறவர்கள் செய்கிற வேலைதான் இது. பலகை நீளமாக இருக்கும், வாசகம் குட்டையாக இருக்கும், காலி இடம் விட்டால் முதலாளி கத்துவார், உடனே கம்ப்யூட்டரில் எழுத்தைப் பக்கவாட்டில் பிடித்து ஒரு இழு. சப்பாத்தி மாவா அது? மூலையைப் பிடித்து நீளமும் உயரமும் சேர்ந்து வளர்கிற மாதிரி இழுங்கடா என்று எத்தனை பேரிடம் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறாள். ஆனால் இந்த ஸ்கேன் சென்டருக்கு எழுத்து அனுப்பியதே நஸீமாதான். ஒவ்வொரு வாசகத்தையும் அளவோடு தயார் செய்து, யாரும் கை வைக்க முடியாதபடி பூட்டி அனுப்பினாள். காலையில் வரவேற்பில் உட்கார்ந்திருந்தபோது பார்த்த போர்டுகளெல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தன. அப்படியென்றால் இது ஏன் குண்டாக இருக்கிறது? கோபம் அங்கேயே நின்றுவிட்டது, அதன் இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது.

‘ஆரம்பிக்கிறேன் மேடம், கண்ணை மூடிக்கிட்டாலும் சரி, திறந்து வச்சாலும் சரி, தலை மட்டும் ஆடக் கூடாது’ என்று ஜெசிந்தாவின் குரல் ஸ்பீக்கரில் வந்தது. மெஷினை ஓட்டுகிற பெண் ஜெசிந்தா, கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள், நல்ல பெண், மெட்டியைக் கழற்ற அவள்தான் சோப்பு போட்டு விட்டாள். உடம்பில் ஒரு பொட்டு உலோகம் இருக்கக் கூடாதாம். தாலிக்கொடியைக் கழற்றி வீட்டுக்காரர் ஈஸ்வரமூர்த்தியிடம் கொடுத்துவிட்டு, மஞ்சள் கயிற்றை மட்டும் கழுத்தில் முடிந்துகொண்டு வந்தாள். தோடு வந்துவிட்டது, வளையல் வந்துவிட்டது, மெட்டி மட்டும் வர மாட்டேன் என்றது. கல்யாணமான நாளிலிருந்து கழற்றியதில்லை, விரல் அதற்குள் ஊறிப்போய் இருந்தது. ஜெசிந்தா கழுவுகிற இடத்திலிருந்து சோப்பை எடுத்து வந்து குனிந்து உட்கார்ந்து தேய்த்தபோது, எல்லாரும் மெட்டியைப் பார்க்க, கலாமணி சோப்பைப் பார்த்தாள். யாரோ நாலைந்து தடவை கை கழுவிய சோப்பு. புதுச் சோப்பின் கூர்மை போய்விட்டது, உருண்டையாகத் தேய்ந்து போகவும் இல்லை. பக்கங்கள் இன்னும் தட்டையாக, மூலைகள் மட்டும் மழுங்கி. இதைத்தானே பத்து வருஷமாக மாய்ந்து மாய்ந்து வரைகிறேன் என்று அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது. வட்டமும் இல்லை, சதுரமும் இல்லை, கை பட்டால் குத்தாது, கையை விட்டு உருண்டும் ஓடாது. மெஷின் டக் டக் என்று தொடங்கி, அப்புறம் கிரைண்டரில் அரிசி போடாமல் ஓட விட்ட மாதிரி கடகடவென்று பிடித்துக்கொண்டது. கால் விரல்கள் மெட்டியில்லாமல் கண்ணாடியில் தெரிந்தன, யாருடைய காலோ போல.

கிரைண்டர் என்றால் ஈஸ்வரமூர்த்தி. கிரைண்டர் கம்பெனியில் விற்பனை பார்க்கிறார், உட்கார்ந்த இடத்திலிருந்தே எந்தக் கிரைண்டரையும் சத்தத்தை வைத்தே இன்ன வருஷத்து மோட்டார் என்று சொல்லிவிடுவார், ஆனால் எழுத்தைக் காட்டினால் மனுஷன் திருதிருவென்று முழிப்பார். கூரான எழுத்தையும் மழுங்கிய எழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டால், ‘எல்லாம் எழுத்துத்தானே கலா, படிக்க முடியுதில்ல?’ என்பார். சதுக்கம் பிறந்ததே அவர் கம்பெனியால்தான், அது அவருக்கே தெரியாது. புது கிரைண்டர் ஒன்றுக்கு முன்பக்கத்தில் தமிழில் எழுத வேண்டுமென்றார்கள், ஓட்டு, நிறுத்து, மெதுவாக என்று. ஆங்கில எழுத்து முன்னாலேயே இருந்தது, அந்த மாதிரி சதுரத்தில் மூலை மழுங்கிய எழுத்து, மெஷினோடு மெஷினாகப் பொருந்தி. அதற்குப் பக்கத்தில் கல்யாணப் பத்திரிகையில் வருகிற தமிழைப் போட்டிருந்தார்கள், நெளிந்துகொண்டு, சுழித்துக்கொண்டு, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்கு வந்தவள் கணக்காக. தமிழ் அப்படித்தான் இருக்கும், அதுக்கு மெஷின் முகம் வராது என்று கம்பெனியில் ஒருத்தர் சொன்னார். கலாமணிக்குச் சுள்ளென்று ஏறியது. ஏன் வராது? டகரம் பிறக்கும்போதே மூலையோடு பிறந்தது. பகரம் பெட்டி. மகரம், வகரம், லகரம் எல்லாம் சொன்ன பேச்சைக் கேட்டன, வயிற்றைக் கொஞ்சம் தட்டையாக்கிக்கொண்டு வரிசையில் வந்து நின்றன. படுத்தியது ழகரமும் ஞகரமும் ஐகாரமும். ஞகரத்தைச் சதுரத்துக்குள் அடக்கினால் முடிச்சுப் போட்ட பாம்பாகிவிடும், விட்டால் பக்கத்து வீட்டுக்குக் கால் நீட்டும். ணகரத்துக்கு இடம் போதாது, எப்போதும் போதாது, ஷேர் ஆட்டோவில் மூணாவதாக ஏறுகிற ஆள். ஒரு மழைக்காலம் முழுக்க ழகரத்தோடு சண்டை. நஸீமாதான் கடைசியில், ‘அதன் வாலை விட்டுடு கலா, தலையை மட்டும் பிடி’ என்றாள். தலையை மட்டும் பிடித்ததும் வந்துவிட்டது. அன்றைக்கு இரண்டு பேரும் எழுந்து போய் வயிறு நிறையப் பிரியாணி சாப்பிட்டார்கள்.

சதுக்கத்தை இலவசமாக விட்டதும் பரவிற்று, கேட்பாரில்லாமல். ஜிம்முக்கு, செல்போன் கடைக்கு, டியூஷன் சென்டருக்கு, கபடி அணியின் பனியனுக்கு. கபடிக்காரனின் முதுகில் போட்டால் எழுத்து தானாக வளைந்துகொள்ளும், முதுகு அவ்வளவு அகலம். லிப்ட்டில் மாடி எண்ணுக்குப் பக்கத்தில் பார்த்தாள். பேட்டரி ஸ்கூட்டரின் முகப்பில் பச்சை வெளிச்சத்தில் பார்த்தாள். மரச்சாமான் போல வலுவாக, அதே நேரத்தில் குழந்தை கையில் கொடுக்கிற மாதிரி பத்திரமாக, வேகமாக வருகிறேன் என்றும் சொல்லும், பயப்படாதே என்றும் சொல்லும், அதனால் ஆம்புலன்ஸ்காரர்களும் எடுத்துக்கொண்டார்கள். ஒருத்தர் மட்டும், ரிட்டயரான தமிழாசிரியராம், போன் போட்டு அரை மணி நேரம் திட்டினார், தமிழைப் பெட்டியில் அடைத்துவிட்டீர்களே அம்மா என்று. பெட்டியில் அடைக்கவில்லை ஐயா, வீடு கட்டிக் கொடுத்திருக்கிறேன் என்று பதில் சொல்ல நினைத்தாள், சொல்லவில்லை, வயசானவர். இன்னொருத்தன் கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கே போட்டுவிட்டான்! செத்துப்போன தாத்தா கபடிப் பயிற்சியாளர் மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார். நஸீமா விழுந்து விழுந்து சிரித்தாள். கலாமணியும் சிரித்தாள்தான், ஆனால் வீட்டுக்குப் போகிற வழியில் அந்தப் போஸ்டர் முன்னால் வண்டியை நிறுத்தி, மறைவு என்ற சொல்லை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். நன்றாக இருந்தது. எதற்கும் ஆகாத எழுத்தென்று ஒன்று இல்லை போலிருக்கிறது. இப்போது எதற்கு அந்தப் போஸ்டர் ஞாபகம் வருகிறது, சனியன், வேறே ஞாபகமா இல்லை? மெஷின் சத்தத்தை மாற்றியது, இப்போது பக்கத்து வீட்டில் சுவரைத் துளை போடுகிற சத்தம், துளை தன் தலையில்தான் என்பது போல.

தலைக்குள் என்ன இருக்கிறதென்று பார்க்கத்தானே வந்தது. அதை நேராக நினைக்கத்தான் மனசு விடமாட்டேன் என்கிறது, சுற்றிக்கொண்டு போகிறது, சோப்பு, கிரைண்டர், கபடி என்று. நேராக என்ற சொல்லிலேயே மாட்டிக்கொண்டாளே. எழுத்து வரைகிறவர்களுக்கு ஒரு திருட்டுத்தனம் உண்டு, வெளியே சொல்வதில்லை. ஸ்கேல் வைத்து அச்சு அசலாக நேர்கோடு போட்டு மூலையை மழுக்கினால், பார்க்கிறவர் கண்ணுக்கு அந்தக் கோடு நடுவில் ஒடுங்கித் தெரியும், பட்டினி கிடந்த வயிறு மாதிரி. அதனால் யாருக்கும் தெரியாமல் ஒரு நூலிழை வெளியே பிதுக்கிவிட வேண்டும். அப்போதுதான் ஆஹா என்ன நேர் என்பார்கள். படுக்கைக் கோடும் நிமிர்ந்த கோடும் ஒரே தடிமன் போட்டால் படுக்கைக் கோடு தடித்துத் தெரியும், அதையும் ஒரு நூல் மெலிய வைக்க வேண்டும். ஊரார் கண்ணை ஏமாற்றி ஏமாற்றித்தான் கலாமணி பேர் வாங்கினாள். கண் என்பது என்ன லேசுப்பட்ட பொய்க்காரியா, அவள் பொய்க்கு நாம் ஒரு பொய் சொன்னால்தான் உண்மை மாதிரி இருக்கும் என்று மாணவர்களுக்கு வகுப்பெடுத்தபோது ஜம்பமாகச் சொல்லியிருக்கிறாள். கை தட்டினார்கள். இப்போது அவள் கண்ணே அவளிடம் பொய் சொல்லத் தொடங்கிவிட்டது, இதற்கு யார் கை தட்டுவார்கள்?

கண்ணின் அந்தப் பொய் ஆடி மாசம்தான் தொடங்கியது. சதுக்கத்துக்குத் தடித்த ரகம் ஒன்று வரைந்துகொண்டிருந்தாள், டகரத்தில் இருந்தாள். டகரத்தில் என்ன இருக்கிறது, இறங்குகிற ஒரு கோடு, திரும்புகிற ஒரு மூலை, போகிற ஒரு கோடு, கண்ணை மூடிக்கொண்டு வரையலாம். இறங்குகிற கோட்டின் நடுவில் ஒரு சின்னப் புடைப்பு தெரிந்தது. சரிதான், கை தவறிவிட்டது என்று அதை உள்ளே தள்ளினாள். சரியாகிவிட்டது. மறுநாள் நஸீமா அதைத் திறந்து பார்த்துவிட்டு, ‘ஏன் கலா, உன் டனாவுக்கு வயித்துவலியா? ஒரு பக்கமா இழுத்துப் புடிச்சுட்டு நிக்குது’ என்றாள். எங்கே என்று எட்டிப் பார்த்தாள், அவள் கண்ணுக்கு டகரம் குத்துக்கல்லாக நேராக நின்றது. பழையதைத் திறந்து காட்டினாள் நஸீமா, ‘இது நேரா இருந்துச்சு, இதைப் போய் எதுக்கு மாத்துன?’ என்று. பழையதில் புடைப்பு இருந்தது. நஸீமாவுக்கு இல்லை, கலாமணிக்கு இருந்தது. இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். நஸீமா சிரிப்பதை நிறுத்தியதுதான் பயமாக இருந்தது. வீட்டுக்கு வந்து ஜன்னல் முன்னால் நின்று வலக்கண்ணைப் பொத்திக்கொண்டு இடக்கண்ணால் கம்பிகளைப் பார்த்தாள். கம்பிகள் தண்ணீருக்குள் நிற்பவை போல நெளிந்தன. இடக்கண்ணைப் பொத்தினாள், ஒன்றுமில்லை, கம்பி கம்பியாக நின்றது. அப்பாடா, வலது இருக்கிறது என்று அன்றைக்கு நினைத்தாளே, அந்த நினைப்பில்தான் இத்தனை நாள் ஓடியது. இடது பக்கம் முடியை முன்னால் விட்டுக்கொண்டு, வலக்கண்ணாலேயே வரைந்தாள். தடித்த ரகத்தை முடித்தும் விட்டாள், நஸீமா ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து நேர், நேர் என்று தலையாட்டினாள். கண் டாக்டர் உள்ளே வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, கண்ணுக்குள்ளே பெரிசா ஒண்ணும் தெரியலைங்க, எதுக்கும் தலையை ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்துடலாம் என்றார். எதுக்கும் என்ற சொல்லை டாக்டர்கள் எப்படித்தான் அவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறார்களோ. ஈஸ்வரமூர்த்தியிடம் தலைவலி என்று மட்டும் சொன்னாள். சொன்னால் அவர் தாங்க மாட்டார். அவர் தாங்க மாட்டார் என்பது சாக்கு, சொல்லிவிட்டால் அது நிஜமாகிவிடும் என்பதுதான் விஷயம்.

இப்போது வலது இருக்கிறதா? அதைத்தான் பார்க்க வேண்டும், அதைப் பார்க்கத்தான் பயம். தலையை ஆட்டக் கூடாதென்றாள் ஜெசிந்தா, கண்ணை ஆட்டக் கூடாதென்று சொல்லவில்லை. இடக்கண்ணை மெல்ல மூடினாள். வலக்கண்ணால் மட்டும் சுவரைப் பார்த்தாள். நெளிவு இல்லை, கோடெல்லாம் கோடாக நின்றது. ஆனால் எழுத்து அப்படியே குண்டாக இருந்தது. முருகா! மகரம் அதே உப்பல், சகரம் அதே அமுக்கு, மூலை அதே தொங்கல். வலக்கண்ணில் தெரிகிறதென்றால் வலக்கண்ணும் போயிற்று. ஒரு கண் நெளிக்கிறது, இன்னொரு கண் பெருக்குகிறது, என்ன அழகான ஜோடி. நெஞ்சு அடித்துக்கொண்டது, இந்தத் தடதடப்பும் ஸ்கேனில் பதியுமோ என்று ஒரு கோணல் நினைப்பு. இரு, இரு, அவசரப்படாதே. கண்ணாடி வழியாகப் பார்க்கிறாய், கண்ணாடி குண்டாகக் காட்டலாமே? திருவிழாவில் வைப்பார்களே, நிற்கிற ஆளை அரிசி மூட்டையாகக் காட்டுகிற கண்ணாடி. அப்படியென்றால் காலும் அகலமாகத் தெரிய வேண்டும். காலைப் பார்த்தாள். இது அகலமா, இல்லையா? தன் பாதத்தின் அகலம் யாருக்குத் தெரியும்? எழுத்தின் அகலத்தை மயிரிழை வரைக்கும் தெரிந்து வைத்திருக்கிறவளுக்குத் தன் கால் தெரியவில்லை. மெட்டியாவது இருந்திருந்தால் ஓர் அடையாளம் இருந்திருக்கும், அதையும் கழற்றிக்கொண்டார்கள். திரும்ப எழுத்துக்கு வந்தாள். வரவேற்பில் காலையில் பார்த்தது ஒழுங்காக இருந்ததே? இருந்ததா, இல்லை இருக்குமென்று நினைத்துக்கொண்டு பார்த்தாளா? அப்போது டோக்கன் கூப்பிடுவார்களோ என்று காதைத் தீட்டிக்கொண்டு இருந்தாள், கண் எங்கேயோ இருந்தது. நஸீமா பூட்டி அனுப்பிய எழுத்தை எவனும் இழுக்க முடியாது. ஆக, கண்ணாடி, இல்லையென்றால் கண். கண்ணாடியாக இருக்கட்டும், மருதமலை முருகா, கண்ணாடியாக இருக்கட்டும், நடந்தே மலை ஏறி வருகிறேன்.

ரப்பர் பந்து கையில் இருந்தது, அமுக்கினால் ஜெசிந்தா ஓடி வருவாள், வெளியே இழுத்துவிடுவாள், போய்ச் சுவரைக் கிட்டத்தில் பார்த்துவிடலாம். அமுக்கவில்லை. பார்த்துவிட்டால் தெரிந்துவிடுமே. தெரியாமல் இருக்கிற இந்தக் கொஞ்ச நேரம் சொகுசு என்று படத் தொடங்கியது, குழாய்க்குள் கிடந்தபடியே இருந்துவிட்டால் என்ன என்றுகூடத் தோன்றியது. என்ன புத்தி இது! எழுத்து வரைகிறவளுக்குக் கண் போனால் என்ன செய்வாள்? பாடம் எடுக்கலாம். கையில் சாக்பீஸைக் கொடுத்தால் கரும்பலகையில் என்ன வரும் என்று அவளுக்கே தெரியாது, பிள்ளைகள் மரியாதைக்குச் சிரிக்காமல் இருப்பார்கள். நஸீமா தனியாக நடத்துவாள், நல்லவள், மாசா மாசம் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, புது எழுத்தை வாயால் சொல்வாள்: வலது தோள் கொஞ்சம் இறங்குது கலா, வயிறு சரியா இருக்கு. பிறத்தியார் வீட்டுப் பிள்ளையைப் பற்றிக் கேட்பது போல இவள் கேட்டுக்கொள்வாள். ஈஸ்வரமூர்த்தி கையைப் பிடித்து ரோடு தாண்ட வைப்பார். பஸ் போர்டைப் படித்துச் சொல்வார். எப்படி இருக்குங்க எழுத்து என்று கேட்டால், படிக்க முடியுது கலா என்பார். அதை நினைத்ததும்தான் கண்ணீர் வந்தது, இரண்டு பக்கமும் வழிந்து காதுப் பஞ்சுக்குள் போயிற்று, துடைக்க முடியாது, அசையக் கூடாது. குண்டு எழுத்துகள் நீருக்குள் மிதந்தன, இன்னும் குண்டாக. அந்த மனுஷன் வெளியே தாலிக்கொடியைக் கைக்குட்டையில் முடிந்து சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, அதன் மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருப்பார். அவரிடம் போய்த் தலைவலி என்று சொன்னேனே, பாவி. வெறும் தலைவலிக்கா இந்த மனுஷன் இன்றைக்குக் கம்பெனிக்கு லீவு போட்டார்? கேட்கவில்லை, அவ்வளவுதான். கேட்காமல் இருந்துவிட்டார். இந்த வீட்டில் கேட்காமல் இருப்பவர் ஒருத்தர், சொல்லாமல் இருப்பவர் ஒருத்தர் என்று ஆகிவிட்டது. மெஷின் திடீரென்று நின்றது. சத்தம் போன இடத்தில் அவள் மூச்சுதான் கேட்டது.

‘முடிஞ்சுதுங்க மேடம், ரொம்ப நல்லா ஒத்துழைச்சீங்க, அசையவே இல்ல’ என்று ஜெசிந்தா வந்து கூண்டைத் திறந்தாள், பஞ்சை எடுத்தாள். பஞ்சு நனைந்திருந்ததைப் பார்த்துவிட்டு ஒரு டிஷ்யூவைக் கையில் கொடுத்தாள். எழுந்து உட்கார்ந்ததும் கொஞ்சம் சுற்றியது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இப்போது நடுவில் கண்ணாடி இல்லை. இடது கையால் இடக்கண்ணைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்தாள். குண்டாகத்தான் இருந்தது. முருகன் கைவிட்டான். கண்ணாடி இல்லை, அப்படியென்றால் கண்தான். கால் தரையில் பட்டது, தரை சில்லென்று இருந்தது, வெளியே போகிற கதவு வலப்பக்கம், அவள் நேராகச் சுவரைப் பார்த்து நடந்தாள். ‘மேடம், கதவு இந்தப் பக்கம்’ என்றாள் ஜெசிந்தா. ‘ஒரு நிமிஷம் கண்ணு’ என்றாள் கலாமணி. அந்த அறையில் உலோகம் ஆகாது, அதனால் எழுத்தைப் பிளாஸ்டிக் தகட்டில் வெட்டி ஒட்டியிருந்தார்கள், தொட்டால் மேடாகத் தடவக் கிடைக்கும். அது வரைக்கும் தோன்றாதது அப்போதுதான் தோன்றியது. கண் பொய்க்காரி. கை? பத்து வருஷமாக இந்த எழுத்தோடு கிடந்த கை. இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டாள். மகரத்தைத் தேடிப் பிடித்தாள். அடிக்கோட்டின் மேல் சுண்டுவிரலை வைத்தாள், விரலும் கோடும் சரியாக இருந்தன. கோட்டோடு போய், மூலையில் திரும்பி, நிமிர்ந்த கோட்டின் மேல் அதே சுண்டுவிரலை வைத்தாள். இரண்டு பக்கமும் கோடு மிஞ்சி நின்றது. கட்டைவிரலை வைத்தாள். அப்போதும் மிஞ்சியது. அவள் வரைந்த எழுத்தில் நிமிர்ந்த கோடு படுக்கைக் கோட்டைவிட ஒரு நூல்தான் தடிமன், ஒரு நூல்! இது கட்டைவிரலுக்கும் மேலே. மூலையைத் தடவினாள், உள்ளங்கையில் அடங்க வேண்டிய வளைவு முட்டைத் தலையாட்டம் சப்பென்று நீண்டு போயிற்று. திரும்பத் தடவினாள். வகரத்தைத் தடவினாள், ககரத்தைத் தடவினாள், எல்லாம் அப்படியே. கண்ணில் இல்லை. சுவரில் இருக்கிறது. பிளாஸ்டிக்கில் இருக்கிறது. எவனோ இழுத்திருக்கிறான்!

‘இழுத்துட்டான்!’ என்றாள் சத்தமாக. ‘எவனோ நல்லா இழுத்துட்டான்!’ ஜெசிந்தாவுக்கு ஒன்றும் புரியவில்லை, போர்டைத்தான் சொல்கிறார்கள் என்று மட்டும் தெரிந்தது. ‘அதுங்களா மேடம், பழைய போர்டு ஸ்ட்ரெச்சர் இடிச்சு உடைஞ்சுபோச்சு. எங்க எலக்ட்ரீஷியன் அண்ணன்தான் போன மாசம் போட்டோ புடிச்சு எங்கேயோ குடுத்து வெட்டிக்கிட்டு வந்தாங்க. இடம் காலியாத் தெரியுதுன்னு கொஞ்சம் பெருசு பண்ணச் சொன்னாங்களாம். நல்லா இல்லீங்களா?’ கலாமணி சுவரில் கை வைத்தபடியே சிரித்தாள், சிரிப்பு நிற்கவில்லை, நடுவில் அழுகையும் வந்தது. போர்டு போடுகிறவர்களை ஆயுசு முழுக்கத் திட்டியிருக்கிறாள், வாய்க்கு வந்ததெல்லாம் சொல்லியிருக்கிறாள், இன்றைக்கு அந்த எலக்ட்ரீஷியன் எதிரே வந்தால் காலில் விழுந்திருப்பாள். ‘நல்லா இருக்கு கண்ணு’ என்றாள். ‘ரொம்ப நல்லா இருக்கு. அந்த அண்ணன் நல்லா இருக்கணும்.’ அப்புறம் வலக்கண்ணைப் பொத்திக்கொண்டு இடக்கண்ணால் ஒரு தடவை பார்த்தாள். குண்டு எழுத்துகள் வரிசையாக நெளிந்தன. சரி, அது அங்கேயே இருக்கிறது, அது எங்கேயும் போகவில்லை. அது அவளுடையது, எலக்ட்ரீஷியனுடையதில்லை. ரிசல்ட் சாயங்காலம் டாக்டர் கைக்குப் போகும் என்று ஜெசிந்தா சொன்னது காதில் விழுந்தது. மெட்டியை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

அவள் நினைத்தபடியேதான் ஈஸ்வரமூர்த்தி உட்கார்ந்திருந்தார், நெஞ்சுப்பையின் மேல் கை. அவளைப் பார்த்ததும் எழுந்தார். ‘என்ன கலா, கண்ணெல்லாம் செவந்திருக்குது, பயந்துட்டியா?’ என்று கைக்குட்டை முடிச்சை அவிழ்க்கப் போனார், அவிழவில்லை, அவ்வளவு இறுக்கி முடிந்திருந்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். எதிரே ‘ரத்தப் பரிசோதனை’ என்று சதுக்கத்தில் எழுதியிருந்தது, இழுக்காதது, நஸீமா பூட்டி அனுப்பியது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். ‘ஏனுங்க, தலைவலி இல்லைங்க. எடது கண்ணுல நேர்கோடெல்லாம் வளைஞ்சு தெரியுது. ஆடியில இருந்து. உங்ககிட்டச் சொல்லல.’ அவர் முடிச்சிலிருந்து கையை எடுக்கவில்லை. அப்புறம் அவளைப் பார்க்காமல் அந்தப் போர்டைப் பார்த்தார், வாழ்க்கையில் முதல் தடவையாக ஓர் எழுத்தைப் படிக்காமல் பார்க்கிறவர் போல, மூலை மூலையாக. ‘எது நேரு, எது வளைவுன்னு எனக்குச் சொல்லிக் குடு’ என்றார். ‘நான் பாத்துச் சொல்றேன்.’ ‘நீங்களா?’ என்றாள், சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு, கேட்கப் பயந்துகொண்டே, ‘வலது கண்ணு?’ என்றார்.

‘வலது நல்லாருக்குதுங்க’ என்றாள் கலாமணி. ‘தொட்டே பாத்துட்டேன்.’